முக்கால்வாசி சதீஸ்குமாரும் பின்னால் வந்த அம்புலன்ஸும்

கண்டி மஹய்யாவையில் போய் சதீஸ்குமார் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். முக்கால்வாசி வீடு எது என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வாசலில் விட்டுவிடுவார்கள். வீட்டை அடையாளம் காண்பதும் லேசு. முன்சுவரின் மேற்பகுதி நல்ல பச்சை நிறம். கீழே இடுப்பு உயரத்துக்கு வெறும் சீமெந்து. ஏணி வைத்து ஏறிச் செய்யவேண்டிய கஷ்டமான வேலையெல்லாம் முடிந்துவிட்டது. தரையில் நின்றபடி பூசவேண்டியதுதான் பாக்கி. அது ஆறு வருடமாகப் பாக்கி. ஏணியும் அன்று சாத்திவைத்த இடத்திலேயே நிற்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மனிதர் வேலை செய்வது டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில், அதுவும் பெயின்ட் பகுதியில். சுவருக்கு எத்தனை கோட் அடிக்கவேண்டும் என்று காலையிலிருந்து மாலைவரை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவர்.

சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தொடங்கும்போது அவரைப் போல வேகமான ஆள் கண்டியில் கிடையாது. முடிவு கண்ணுக்குத் தெரிந்ததும் அது முடிந்தேவிட்டது போல அவருக்குத் தோன்றிவிடும், அதுதான் வியாதி. டிரைவிங் லைசன்ஸுக்கு எழுத்துப் பரீட்சையில் முழுப் புள்ளி வாங்கினார். வண்டியை ஓட்டிக்காட்டப் போகவில்லை. ஐயப்பனுக்கு மாலை போட்டு, தாடி வளர்த்து, யாத்திரைக்குப் பத்து நாள் இருக்கும்போது மழித்துக்கொண்டு வந்து நின்றார். கலியாணமான புதிதில் மனைவி தர்ஷிகாவின் பெயரைக் கையில் பச்சைகுத்தப் போனவர், வலி தாங்காமல் கடைசி எழுத்துக்கு முன்னால் எழுந்து வந்துவிட்டார். 'தர்ஷி' என்று கையில் இருக்கிறது. செல்லப் பெயர் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறார். தர்ஷிகாவை அந்தப் பெயரில் இன்றுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

இதையெல்லாம் சிரித்துச் சிரித்தே காலத்தை ஓட்டிவிட்டார். மகள் சஞ்சீவனி விஷயத்தில்தான் சிரிப்பு நின்றது. உயர்தரப் பரீட்சையில் அவளுக்கு இரசாயனவியல் கைவிட்டுவிட்டது. மறுபடி எழுதமாட்டேன் என்று புத்தகங்களையெல்லாம் கயிற்றால் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, போன் கடையொன்றில் வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னாள். சதீஸ்குமார் கெஞ்சினார், அதட்டினார், இரண்டு நாள் சாப்பிடாமலும் இருந்து பார்த்தார். இரண்டாம் நாள் மத்தியானமே சாப்பிட்டுவிட்டார், அது வேறு கதை.

"தொடங்கினதைப் பாதியில விடக்கூடாதும்மா. இன்னும் ஒரே ஒரு தடவை, செகண்ட் ஷை எழுதிப் பாரு."

சஞ்சீவனி ஜன்னல் வழியாக, வெளியே சாத்தியபடி நிற்கும் ஏணியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"நீங்க ஒரே ஒன்னை முடிச்சுக் காட்டுங்கப்பா. என்னவா இருந்தாலும் சரி. நான் எழுதுறேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. நடக்காது என்ற தெம்பில் சாதாரணமாகச் சொன்னாள். அது அவரை அறுத்தது.

சுவரைப் பூசி முடித்தால் என்ன என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அந்தப் பச்சை இப்போது வருவதில்லை. பெயின்ட் பகுதிக்காரர் சொல்கிறார், நம்பத்தான் வேண்டும். லைசன்ஸ் என்றால் மாதக்கணக்கு. பச்சைகுத்த அவர் மறுபடி போகமாட்டார். இப்படி வழியில்லாமல் முழித்துக்கொண்டிருந்தபோதுதான் கடைச் சுவரில் யாரோ நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு கிலோமீற்றர் ஓட்டப்போட்டி. வாவிக்கரையில் தொடங்கி, அம்பிட்டிய ஏறி, தென்னக்கும்புர இறங்கி, திரும்பவும் வாவிக்கரை. எந்த வயதினரும் ஓடலாம். ஒரே காலையில் தொடங்கி முடிந்துவிடும் காரியம், இடையில் விட்டுவிட்டு வர நேரமே இல்லை என்று கணக்குப்போட்டார் சதீஸ்குமார். நாற்பத்தெட்டு வயது, முன்னால் தள்ளிய வயிறு, இதெல்லாம் அந்தக் கணக்கில் வரவில்லை.

போட்டி விடியற்காலையில் தொடங்குவதாக இருந்தது. பிரதம அதிதி வரத் தாமதம். வந்தபின் குத்துவிளக்கேற்றினார்கள். காற்றுக்கு அணைந்த திரிகளை மறுபடி ஏற்றினார்கள். அதிதி உடற்பயிற்சியின் நன்மைகளைப் பற்றி, குடைக்குக் கீழே நின்றபடி, நீண்ட நேரம் பேசினார். கொடியசைக்கும்போது பங்குனி வெயில் உச்சந்தலைக்கு வந்துவிட்டது. தார் ரோட்டில் அப்பளம் பொரிக்கலாம்.

சதீஸ்குமார் முதல் ஆளாகப் பாய்ந்தார். வாவியைத் தாண்டும்வரை அவர்தான் முன்னுக்கு. அம்பிட்டிய ஏற்றம் தொடங்கியதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள், பிறகு இராணுவத்துப் பையன்கள், பிறகு ஒரு பெண், பிறகு கையில் ரேடியோவுடன் எழுபது வயதுக் கிழவர் ஒருவர். ஏற்றத்தின் பாதியில் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஓட ஒருவரும் இல்லை. அம்புலன்ஸ்தான் வந்துகொண்டிருந்தது.

கடைசி ஓட்டக்காரனுக்குப் பின்னால் அம்புலன்ஸ் வரவேண்டும் என்பது சட்டமாம். அம்புலன்ஸுக்குப் பின்னால் பொலிஸ் மோட்டார்சைக்கிள். அதைத் தாண்டி ஒரு வாகனமும் வரக்கூடாது. ஆகவே மோட்டார்சைக்கிளுக்குப் பின்னால் ஒரு தனியார் பஸ், அதன் பின்னால் ஐந்தாறு வேன், மணல் லொறி, பாட்டுப் போட்டபடி பாண், பணிஸ் விற்கும் ஆட்டோ, அப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை என்னென்னவோ. சும்மாவே கண்டியில் வாகன நெரிசலுக்குக் குறைவில்லை. அன்றைய நெரிசலை ஒரு தனிமனிதர் தன் சொந்த முயற்சியால் உண்டாக்கினார். பாண் ஆட்டோக்காரர் பாட்டை நிறுத்த மறந்துபோனார். அந்த ஒரே மெட்டுக்குக் காலெடுத்து வைத்தபடி ஏறினார் சதீஸ்குமார்.

அம்புலன்ஸின் முன்ஆசனத்தில் திரேசா மிஸ் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்கு மாற்றலாகி வந்த தாதி. ஜன்னலால் தலையை நீட்டினார்.

"ஐயா, ஏறுங்கோவன். உள்ளுக்குக் குளிரா இருக்கு."

"வேணாம் மிஸ்."

"உங்கட காதெல்லாம் சிவந்துபோச்சு. ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம், ஏறுங்கோ."

"பின்னால வாங்க மிஸ். பேச வைக்காதீங்க, மூச்சு போகுது."

சாரதி மஹ்மூத் நல்ல மனிதர். நடக்கிறவனுக்குப் பின்னால் நடக்கிற வேகத்தில் வண்டியை ஓட்டுவது எவ்வளவு கஷ்டமென்று அவருக்குத்தான் தெரியும். திரேசா மிஸ் ஜன்னலால் தண்ணீரை நீட்டுவார். சதீஸ்குமார் பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றுவார். இப்படியே அம்பிட்டிய போய், தென்னக்கும்புர இறக்கமும் போயிற்று. இறக்கத்தில் தொடைகள் அவருடையவையாக இல்லை. யாரோ இரவல் கொடுத்த கால்களில் ஓடுவதுபோல இருந்தது. ரோட்டோரத்தில் உட்கார ஒரு நிழலைக் கண்கள் தாமாகவே தேடத் தொடங்கின. இவ்வளவு தூரம் வந்ததே பெரிய காரியம் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. பழகிய குரல். சுவர் பூசும்போதும், தாடி மழிக்கும்போதும் இதே குரல்தான்.

சந்தியில் ஒரு மரநிழல் இருந்தது. நிழலில் ஓர் ஆட்டோ நின்றது. ஆட்டோவுக்குள் சஞ்சீவனி இருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்க், மாற்றி உடுக்க மடித்த சாரம், ரப்பர் செருப்பு.

"அம்மாதான் அனுப்புனாங்க," என்றாள். "ஒன்பது கிலோமீற்றர்ல நிப்பாரு, தென்னக்கும்புரச் சந்தியில போய் இருன்னாங்க."

அவருக்கு அழுகை வந்தது. நிற்கப்போகும் இடத்தைக்கூட மனைவி அளந்து வைத்திருந்தாள். அதைவிடக் கேவலம், அவள் அளவு சரி. அவர் நின்றுதான் போயிருந்தார். பின்னால் அம்புலன்ஸ் நின்றது. பஸ் நின்றது. ஹோர்ன் சத்தம் மலையைச் சுற்றிக்கொண்டு வந்தது. சரி, சாரத்தைத் தா என்று கையை நீட்டியபடி மகள் முகத்தைப் பார்த்தார்.

அந்த முகத்தில் கேலி இருக்கும் என்று நினைத்தார். இல்லை. நிம்மதி இருந்தது. அப்பா நின்றுவிட்டார், இனி எழுதவேண்டியதில்லை என்ற நிம்மதி. பிள்ளைக்குப் பிடிவாதம் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தது தப்பு. பிள்ளைக்குப் பயம். அது தெரிந்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"ஆட்டோவத் திருப்பச் சொல்லு. பின்னால வா."

"அப்பா, முகமெல்லாம் கறுத்துப்போச்சு. போதும்பா."

அவர் போய்விட்டார். ஓடினார் என்று சொல்லமுடியாது. நடந்தார் என்றும் சொல்லமுடியாது. விழுவதற்கு முன்னால் அடுத்த காலை வைத்துக்கொண்டே போனார். சந்தியில் தெல்தோட்டையிலிருந்து வந்த கல்யாண வேன் ஒன்றும் வரிசையில் சேர்ந்துகொண்டது. தாலிகட்டு பார்க்கக் கிளம்பியவர்கள், இப்போது பந்திக்காவது போய்ச் சேருவோமா என்ற கவலையில் இருந்தார்கள்.

வாவிக்கு இறங்கும் கடைசி மேட்டில் அது நடந்தது. பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அம்புலன்ஸின் முன்மூடிக்கு அடியிலிருந்து இட்லிச்சட்டி போல ஆவி பறந்தது. மஹ்மூத் இறங்கித் தலையில் கைவைத்தார்.

"தண்ணி கொதிச்சீக்கி மிஸ். நடக்கிற வேகத்தில இந்த வெயில்ல ஓட்டினா வேற என்ன ஆகும்? இனி இது அசையாது."

பொலிஸ்காரர் மோட்டார்சைக்கிளை நிறுத்தினார். அம்புலன்ஸ் இல்லாமல் ஓடக்கூடாது, இத்தோடு போட்டி முடிந்தது என்று சிங்களத்தில் சொல்லி, சதீஸ்குமாரின் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார். கீழே வாவி பளபளத்தது. சதீஸ்குமாருக்குச் சண்டைபோடத் தெம்பில்லை.

ஆட்டோவிலிருந்து சஞ்சீவனி இறங்கினாள். பொலிஸ்காரரின் முன்னால் வந்து நின்றாள். அழுதுகொண்டிருந்தாள், கோபத்தில்.

"அவரு நிக்கல்ல," என்றாள். பிறகு அதையே சிங்களத்திலும் சொன்னாள். "வண்டிதான் நின்னுச்சு. அவரு நிக்கல்ல."

சொல்லிவிட்டுப் பின்னால் போய் அம்புலன்ஸைத் தள்ளத் தொடங்கினாள். தனியாக.

அம்புலன்ஸ் அசையவில்லை. திரேசா மிஸ் இறங்கி, "பொறு பிள்ளை, நானும் வாறன்," என்று பக்கத்தில் தோளைக் கொடுத்தார். கல்யாண வேனின் கதவு திறந்தது. பட்டுச்சேலைகளும் பட்டுவேட்டிகளும் இறங்கின. பஸ்ஸிலிருந்து பாதிப் பேர் வந்தார்கள். பாசத்தால் வந்தவர்கள் கொஞ்சம், பசியால் வந்தவர்கள் அதிகம். அம்புலன்ஸ் நகர்ந்தது. பொலிஸ்காரர் சட்டத்தை மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். பின்னால் அம்புலன்ஸ் வரவேண்டும் என்றுதான் இருக்கிறது, இஞ்சின் ஓடவேண்டும் என்று இல்லை. தோளிலிருந்து கையை எடுத்தார்.

மேடு தாண்டியதும் இறக்கம். தள்ளியவர்கள் கையை எடுத்த பிறகும் அம்புலன்ஸ் போய்க்கொண்டிருந்தது. இஞ்சின் நின்ற வண்டியில் பிரேக் சரியாகப் பிடிக்காது. மஹ்மூத் பிரேக்கில் ஏறி நின்றபடி தலையை வெளியே போட்டுக் கத்தினார்.

"அண்ணே, ஓடுங்க. எனக்கு நிப்பாட்ட ஏலாது."

அன்று முழுவதிலும் சதீஸ்குமார் உண்மையில் ஓடியது அப்போதுதான். வாழ்க்கையிலேயே அப்படி ஓடியதில்லை. இரவல் கால்கள் சொந்தக் கால்களாகிவிட்டன. அவருக்குப் பின்னால் சத்தமில்லாத அம்புலன்ஸ், அதன் பின்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மகள், அவள் பின்னால் பாண் ஆட்டோவின் பாட்டு.

வாவிக்கரையில் போட்டிக்காரர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். காற்றடித்து நிறுத்திய முடிவு வளைவின் காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். அது ரோட்டுக்குக் குறுக்கே பெரிய மெத்தையாகப் படுத்துக்கிடந்தது. சதீஸ்குமார் அதன்மேல் ஏறினார், முழங்கால்வரை புதைந்தார், நாலுகாலில் தவழ்ந்து மறுபக்கம் விழுந்தார். அம்புலன்ஸ் வந்து மெத்தையில் முட்டி, ஒரு பெருமூச்சோடு நின்றது.

முடிந்தது. கைதட்ட ஒருவரும் இல்லை. கதிரைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தவர் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

சஞ்சீவனி வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உள்ளங்கை இரண்டும் கறுப்பாக இருந்தன. எழுதுவாளா என்று கேட்கச் சதீஸ்குமாருக்குப் பயமாக இருந்தது.

"திரும்பவும் ஃபெயிலானா என்ன செய்றது?" என்றாள் அவள்.

"நான் கடைசியாத்தான் வந்தேன். யாராவது ஏதும் சொன்னாங்களா?"

அப்போது பொலிஸ்காரர் பாதையைத் திறந்துவிட்டார். முதலில் பஸ் வந்தது. நடத்துநர் மிதிபலகையில் தொங்கியபடி சதீஸ்குமாரைப் பார்த்து ஒன்று சொன்னார். அதை எழுத முடியாது. மணல் லொறிக்காரர் அவருடைய பரம்பரையை விசாரித்தார். கல்யாண வேனிலிருந்து ஓர் அம்மா, "பந்தி முடிஞ்சிருக்கும், நல்லா இருப்பியா நீ," என்று கேட்டுக்கொண்டே போனார். வரிசை நீளம். ஒவ்வொருவரும் தம் பங்குக்குச் சொன்னார்கள். அப்பாவும் மகளும் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். பாதி வரிசை போவதற்குள் சஞ்சீவனிக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க முடியாமல் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று பின்னேரம், வாசலில் ஆறு வருடமாகச் சாத்தியிருந்த ஏணியைச் சதீஸ்குமார் உள்ளே தூக்கி வந்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே பரணில் சாத்தி ஏறினார். புத்தகக் கட்டுக்குக் கை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு கெண்டைக்காலிலும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டது. மேலே ஏறவும் முடியவில்லை, கீழே இறங்கவும் முடியவில்லை. குசினியிலிருந்து தர்ஷிகா எட்டிப் பார்த்தாள். எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறார் என்று கண்ணால் அளந்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள்.

"அப்படியே புடிச்சுக்கங்கப்பா," என்றாள் சஞ்சீவனி. ஏணியின் மறுபக்கமாக அவரைத் தாண்டி ஏறிப்போய்க் கட்டை இழுத்து எடுத்தாள். தூசி முழுவதும் அவர் தலையில் கொட்டியது.