மஞ்சள் வைத்துப் பார்த்து வாங்கிய ப்ளாட்டர்

அன்று காஞ்சிபுரத்தில், பிரிண்டர் விற்கிற அந்த மாடிக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, அவள் தம்பி, அதாவது சரக்கு வண்டி ஓட்டுகிற என் மச்சான், உத்திரமேரூரில் வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கிற இன்ஜினியர் ஒருவர், கடைக்காரர். ஆறாவதாக யாரும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், "அந்த மெஷினை நான்தான் பார்த்து வாங்கிக் கொடுத்தேன்" என்று எங்கள் ஊரில் இப்போது சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் யாரும் அங்கே இல்லை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கடை வைத்த புதிதில் பட்டா, ரேஷன் கார்டு, ஆதார் என்று நாள் முழுக்க மெஷின் சூடாகவே இருக்கும். இப்போது எல்லாவற்றையும் போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள். ஜெராக்ஸை மட்டும் நம்பினால் வாடகைகூட தேறாது என்று ஆகிவிட்டது.

ஆனால் ஊரைச் சுற்றி வீடுகள் எழும்பிக்கொண்டுதான் இருந்தன. பெரிய தாளில் பிளான் அச்சடிக்க வேண்டும் என்றால் காஞ்சிபுரமோ செங்கல்பட்டோ போய்வர வேண்டும். அப்படி அடித்துத் தருகிற மெஷினுக்கு ப்ளாட்டர் என்று பெயர். ஒரு பெஞ்சு அளவுக்கு இருக்கும். தாளைச் சுருளாக மாட்டிவிட்டால் வேண்டிய நீளத்துக்கு அடித்து அதுவே வெட்டியும் தந்துவிடும். அதில் ஒன்று வாங்குவது என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். சீட்டு எடுத்ததும் மிச்சம் பிடித்ததுமாக ஒரு லட்சத்து இருபதாயிரம் கையில் இருந்தது. தப்பான மெஷினில் அதைப் போட்டுவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

நான் பயந்த சுபாவம். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புகிற ஆள். கரண்ட் ஏறி இறங்கினால் மெஷின் என்ன ஆகும், கடை ஷட்டருக்குள் நுழையுமா, எலி ஒயரைக் கடித்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"எலிக்கு வேற வேலை இல்லியா? உன் மெஷின கடிக்கத்தான் வருதா?" என்பாள் மனைவி.

இருந்தாலும் ஒன்று. பயந்துகொண்டே நான் வாங்கிய எந்தப் பொருளும் இதுவரை என்னைக் கைவிட்டதில்லை. நான் பயப்படுகிற பயத்தில் பொருளை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிடுவேன். அந்தத் தைரியத்தில்தான் கிளம்பினேன்.

கடையில் ஏறியதுமே இன்ஜினியர் அகலமான மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"வாங்கினா முப்பத்தாறு இஞ்ச் வாங்குப்பா. ஏ-ஜீரோ ஷீட்டே அடிக்கலாம். இருபத்துநாலு வாங்கிட்டு அப்பறம் பேஜாராப் பூடும்."

"வூட்டு பிளான் எல்லாம் ஏ-ஒன் தானே சார்? அது இருபத்துநாலுலயே வந்துடுமே."

"அது வரும். நான் சொல்றது ஏ-ஜீரோ."

"போன வருசம் எத்தினி ஏ-ஜீரோ போட்டீங்க சார்?"

அவர் மீசையை நீவிக்கொண்டார். "ஒண்ணு. அந்த மனைப்பிரிவுக்கு."

"அந்த ஒண்ணுக்காக நான் அம்மாம் பெரிய மெஷின வச்சிக்கினு துணி காயப் போடறதா? அத நீங்க செங்கல்பட்டுலயே போட்டுக்குங்க சார்."

இன்ஜினியரே சிரித்துவிட்டார். மச்சான் அவர் தோளைத் தொட்டு, "எங்க மாமாவ பயந்தாங்கொள்ளினு நெனச்சிக்கினு கீறீங்களா சார்? வாய்க்கு பயமே கெடையாது" என்றான்.

இருபத்துநாலு அங்குல மெஷின் ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம். எங்கள் பணத்துக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. இன்ஜினியர் கொண்டுவந்திருந்த வீட்டு பிளான் ஒன்றை அதில் அடித்துத் தந்தார். கோடுகள் மயிரிழை மாதிரி சுத்தமாக விழுந்திருந்தன. நான் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் தூள் பொட்டலத்தை எடுத்தேன்.

கடைக்காரர் பதறிவிட்டார். "இன்னாண்ணா, கொழம்பு வக்கப் போறீங்களா?"

காரணம் இதுதான். இப்போது வீட்டுக்கு அனுமதி வாங்குவதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே நடந்துவிடுகிறது. ஆனாலும் எங்கள் பக்கம் தாள் இல்லாமல் வீடு எழும்பாது. பூமி பூஜை அன்று பிளான் ஷீட்டைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைப்பார்கள். நான்கு மூலையிலும் குழைத்த மஞ்சள் வைத்துக் குங்குமம் இடுவார்கள். ஐயர் தண்ணீர் தெளிப்பார். தேங்காய் உடைக்கும்போது அந்தத் தண்ணீரும் அதன் மேல்தான் தெறிக்கும். பூஜையில் வைத்த அதே ஷீட்டைத்தான் வேலை முடிகிறவரை மேஸ்திரி கையில் வைத்திருப்பார். வேறு ஷீட்டைக் கொடுத்தால் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சாலவாக்கம் பக்கம் ஒரு பூஜையில் அப்படித் தண்ணீர் பட்டுச் சிவப்புக் கோடு கரைந்து சமையலறை முழுக்க வழிந்துவிட்டது. பார்க்க ரத்தம் மாதிரி இருந்ததாம். அந்த வீட்டு அம்மா அன்று கடைக்கால் தோண்டவே விடவில்லை. பிளான் போட்டது எங்களோடு வந்த இன்ஜினியர்தான். வெளியூரில் அடித்து வாங்கிய ஷீட். அந்த வேலை அவர் கையை விட்டே போய்விட்டது. "தண்ணிக்கு நிக்கிற ஷீட்டு அடிச்சிக் குடு, என் வேலை முழுக்க உனக்குத்தான்" என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். அவர் வேலை இல்லாமல் அந்த மெஷினுக்குச் சோறு கிடையாது.

ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி, உள்ளங்கையில் மஞ்சளைக் குழைத்து, ஷீட்டின் மூலையில் ஓரக்கோட்டின் மேல் அப்பினேன். சற்றுப் பொறுத்துத் துடைத்துப் பார்த்தேன். கறுப்புக் கோடு அசையவில்லை.

"நான்தான் சொன்னனேண்ணா, தண்ணிக்கு நிக்கும்னு" என்றார் கடைக்காரர்.

மச்சான் வண்டிச் சாவியைச் சுழற்ற ஆரம்பித்துவிட்டான். நான் பணப் பையின் ஜிப்பைத் திறந்தேன். கை உள்ளே போகவில்லை. எதையோ பார்க்காமல் விட்டது போலவே இருந்தது.

"கறுப்புல மட்டுந்தானே வச்ச?" என்றாள் மனைவி. "செவப்புல யாரு வப்பா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே விரலைத் தண்ணீரில் தோய்த்து, நடு ஹாலின் சுவர் மேல் வைத்துவிட்டாள். எங்கள் பக்கம் புதிதாகக் கட்டுகிற சுவரைச் சிவப்பில்தான் காட்டுவார்கள். அந்தச் சிவப்பு அவள் விரல் பட்ட இடத்திலிருந்து கிளம்பி, படுக்கையறையைத் தாண்டி, தாளின் ஓரம் வரைக்கும் போனது.

இன்ஜினியர் "ஐயோ" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரர் நல்ல மனிதர். மழுப்பவில்லை. "இதுல கறுப்பு மட்டுந்தான் தண்ணிக்கு நிக்கிற இங்க்கு, அக்கா. கலர் கரையும். கலர பத்தி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல, எனக்கும் சொல்லத் தோணல" என்றார். பிறகு ஓரத்தில் இருந்த இன்னொரு மெஷினின் உறையை நீக்கினார். அதே அகலம். நான்கு நிறமுமே கரையாத இங்க். விலை ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம்.

விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதே பிளானை அதில் அடித்துத் தரச் சொன்னேன். இந்தத் தடவை விரலால் வைக்கவில்லை. மஞ்சளைக் கரைத்து டம்ளரோடு அதன் மேல் கவிழ்த்தேன். தரையெல்லாம் மஞ்சள். தாள் சுருங்கியது, மஞ்சளாகியது. சிவப்பு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

"இதுதான்" என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு உறுதியாக ஒரு சொல் வந்து என் மனைவி கேட்டதில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்த்துக்கொண்டே கழுத்துச் செயினில் கை வைத்தாள்.

"இன்னாக்கா பண்ற? கைய எடு" என்றான் மச்சான். "வண்டி மாத்தறதுக்கு சேத்து வச்சிக்கினு கீறேன். பழைய வண்டி இன்னும் ஓடுது இல்ல? ஓடட்டும். மாமா, எவ்ளோ கொறையுது?"

"அம்பத்தஞ்சு. கரண்டுக்கு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கினா அறுபது."

"பாத்தியாக்கா, அறுபதாயிரம் கடன் வாங்கறப்பவும் ஸ்டெபிலைசர மறக்கல."

"வட்டி?"

"சொந்த அக்கா வூட்ல வட்டி வாங்கினா ஊர்ல காறித் துப்புவானுங்க. உனுக்கு எப்ப முடியுமோ அப்ப குடு. ஆனா தெனம் போன் பண்ணி 'தரேன் தரேன்'னு சொல்லாத. அதான் எனக்குப் பேஜார்."

கடைக்காரரிடம் தாள் சுருள் இரண்டு இனாமாகக் கேட்டேன். ஒன்று தருகிறேன் என்றார். தரையில் கொட்டிய மஞ்சளை நானே துடைத்துக் கொடுத்த பிறகு இரண்டாவதும் வந்தது.

மச்சானின் பழைய வண்டியிலேயே வீட்டுப் போர்வையெல்லாம் சுற்றிக் கொண்டுவந்தோம். ஷட்டருக்குள் சுலபமாக நுழைந்தது. முதலில் அடித்தது இன்ஜினியரின் வேலை. அதுவும் சாலவாக்கம் பக்கத்திலேயே ஒரு வீடு. பூஜைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே போய்க் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். ஐயர் தாராளமான கை. தண்ணீரைத் தெளிக்கவில்லை, ஊற்றினார் என்றே சொல்லலாம். பூஜை முடிந்ததும் மேஸ்திரி ஷீட்டை உதறி, கொடியில் துணி போடுவதுபோல சவுக்குக் கம்பின் மேல் போட்டார். காயும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஒரு கோடும் அசையவில்லை.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு இன்ஜினியர்கள் என் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். மேஸ்திரிகளே நேராக வந்து, "பூஜ ஷீட்டு ஒண்ணு" என்று கேட்கிறார்கள். வாடகைக்கு இப்போது நான் பயப்படுவதில்லை. இங்க் தீர்ந்துவிடுமோ என்றுதான் பயம். ஒன்று மாட்டியிருக்கும்போதே இன்னொன்று வாங்கி வைத்துவிடுகிறேன்.

மச்சானுக்குக் கையில் சேரச் சேரக் கொடுத்து வருகிறேன். போன் மட்டும் பண்ணுவதில்லை. போன வாரம் கடைக்கு வந்தவனிடம் பத்தாயிரம் கொடுத்தேன். எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டான். நான் எண்ணித்தான் கொடுத்திருந்தேன். இன்னும் அவனுக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரம் ரூபாய்.