சத்தம் கேட்டதும் வானத்தைப் பார்த்தேன்

இன்னைக்குச் சிவகாசியிலிருந்து ஏழாயிரம்பண்ணைக்கு பஸ்ல போயிட்டிருந்தேன். திடீர்னு தூரத்துல டமார்னு ஒரு சத்தம்.

நான் ஜன்னல் வழியா வானத்தைப் பார்த்தேன். சிங்கப்பூர்ல வாணவேடிக்கைச் சத்தம் கேட்டா அப்படித்தான் அண்ணாந்து பார்ப்போம். "எங்க ஊரே இதுக்குத்தான் பேர் போனது"ன்னு அங்க பெருமையடிப்பேன்.

பஸ்ல வேற யாரும் வானத்தைப் பார்க்கல. ஆளாளுக்குப் போன் போட்டுக்கிட்டிருந்தாங்க.

பக்கத்து சீட்டு அக்காவோட மக பட்டாசுக் கம்பெனியில வேலை பார்க்குதாம். அவ குரலைக் கேட்டதும்தான் அக்காவுக்கு மூச்சே வந்துச்சு. அப்புறம் என்னைப் பார்த்தாங்க.

"யாருக்கும் போன் போடாம இருக்கீகளே, வெளியூராம்மா?"

பொறந்து வளர்ந்ததெல்லாம் இங்கனதான். ஆனா "ஆமாக்கா"ன்னுட்டேன்.

நான் இறங்கும்போதும் முன் சீட்டுக்காரர் ஒரே நம்பருக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருந்தார்.

வெளிநாட்டுல இருக்குற நம்ம ஊர்க்காரங்களே, இந்தச் சத்தம் கேட்டா நீங்க முதல்ல எங்க பார்ப்பீக?