செல்வி அப்பாவுக்கு குரூப் புரிந்த வாரம்

சிதம்பரத்தில் நாங்கள் போகும் பிரவுசிங் சென்டரில் ஏசி போட்டால் ஈரத்துணி வாடை அடிக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு, பலகைத் தடுப்புக்குள் புகுந்து உட்கார்ந்தால், ஸ்க்ரீனில் பக்கம் மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கும்... அப்படி இறங்கிய ஒரு பக்கத்தில்தான் பார்த்தேன். இந்தியா 0, எதிரணி 1.

ரெஃப்ரெஷ் அழுத்திப் பார்த்தேன். அதேதான்.

சுனாமி முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். செல்வி என்னோடு கடலூர் மாவட்ட ஃபுட்பால் டீமில் ஆடியவள். மீனவர் வீட்டுப் பெண். நான் காட்டுமன்னார்கோயில்காரி, ஆட்டத்தை விட்டுவிட்டுப் படிக்க வந்துவிட்டேன். அவள் விடவில்லை. டிஃபன்ஸில் அவள் நின்றால் பந்து தாண்டாது. இந்தியா டீமுக்கே போய்விட்டாள்!

பெண்களுக்கான ஆசியப் போட்டிக்குத் தகுதிச் சுற்று, வெளிநாட்டில். குரூப்பில் மூன்று நாடுகள். மேலே போவது ஒன்றே ஒன்று.

கிளம்பும்போது அப்பாவிடம் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். தோற்றுவிட்டால் ஆட்டத்துக்கு முழுக்கு, மாமா மகனையே கட்டிக்கொள்கிறேன் என்று. திமிர்தான், வேறென்ன.

மறுநாள் அவள் வீட்டுக்கு போன் போட்டேன். அம்மா எடுத்தார்கள்.

"தோத்துடுச்சாமே... ஞாயித்துக்கிழம மாமா வூட்லேருந்து பூ வைக்க வராங்கம்மா."

தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்து டோர்னமென்ட் எல்லாமே நாக்-அவுட். தோற்றால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். தோற்ற பிறகும் இன்னொரு ஆட்டம் உண்டு என்று சொன்னால் அந்த வீட்டில் யார் நம்புவார்கள்?

அன்று சாயங்காலமே இன்னொரு ரிசல்ட் வந்தது. நம்மை ஜெயித்த அணியை மூன்றாவது அணி 1-0 என்று அடித்துவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பியது. பிரிண்ட் அவுட் எடுத்துக்கொண்டு விடிந்ததும் கடலூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

செல்வி அப்பா கோபக்காரர் இல்லை, பிடிவாதக்காரர். கோபக்காரரையாவது சமாளித்துவிடலாம்.

"தோத்தா விட்டுடுறேன்னு அவ வாயாலதான் சொன்னா. நானா சொல்லச் சொன்னேன்?"

"இது குரூப்புப்பா. இன்னொரு ஆட்டம் பாக்கி இருக்கு."

"தோத்தவங்களுக்கு எதுக்கும்மா இன்னொரு ஆட்டம்?"

பேப்பரின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். அந்த மூன்றாவது அணியை நாம் இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் நாம்தான் முதலிடம்.

"ஒண்ணு போட்டு ஜெயிச்சா?"

"மூணு பேரும் சரிசமமா நிப்போம்பா. ஒண்ணு பத்தாது."

"ரெண்டு போட்டு, நமக்கு ஒண்ணு வுழுந்துட்டா?"

"அப்ப சந்தேகந்தான். மூணு போட்டாத்தான் நிச்சயம்."

அரை மணி நேரம் அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் செல்வியின் மாமாவுக்கு போன் போட்டார். "மச்சான், ஞாயித்துக்கிழம வாணாம். இன்னும் ஒரு ஆட்டம் இருக்குதாம்."

எழுந்து ஒரு குதி குதிக்கலாம் போலிருந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆட்டத்தன்று சாயங்காலம் செல்வியின் அப்பா, அம்மா, மாமா மூவரும் சிதம்பரத்துக்கே வந்து இறங்கிவிட்டார்கள். ஒருவர் உட்காரும் தடுப்புக்குள் நாலு பேர்! படம் கிடையாது, வெறும் ஸ்கோர்தான். நான் ரெஃப்ரெஷ் அழுத்த, அவர்கள் மூச்சைப் பிடிக்க...

இடைவேளைக்கு முன்பே 1-0. நாம்தான்!

அறுபதாவது நிமிடத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. கடைக்கார அண்ணன் என்ன நினைத்தாரோ, மற்ற ஐந்து மெஷினையும் அணைத்துவிட்டு எங்களுடையதை மட்டும் விட்டார். பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த காலேஜ் பசங்க முதலில் முறைத்தார்கள். விஷயம் தெரிந்ததும் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

எண்பதாவது நிமிடம். 1-0. மாமா பலகையைத் தட்டிக்கொண்டே, "இன்னும் ஒண்ணு... இன்னும் ஒண்ணு..."

செல்வி அப்பா திரும்பிப் பார்த்தார். "மச்சான், அது வுழுந்தா ஒம்மவனுக்குப் பொண்ணு இல்ல."

"அது கெடக்கட்டும் மச்சான். நீ ரெஃப்ரெஷ் பண்ணும்மா!"

அழுத்தினேன். பக்கம் இறங்கியது... 2-0.

நாங்கள் போட்ட கூச்சலில் எதிர்க் கடைக்காரர் சண்டை என்று நினைத்து ஓடி வந்தார். கடைசி வரை அந்த ஸ்கோர் மாறவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம பொண்ணா போட்டுச்சு?" என்றார்கள். இல்லம்மா, வேற பிளேயர் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா குறுக்கே வந்தார்.

"நமக்கு ஒண்ணும் வுழலையே... அது யாரு பண்ணது? அது எம்பொண்ணு."

இன்று எழுதும்போதும் கண் கலங்குகிறது.

செல்வி அதற்கப்புறம் ஆறு வருடம் ஆடினாள். மாமா மகனுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். அந்தக் கல்யாணப் பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறியதே செல்விதான்.

இப்போது பெண்கள் ஆட்டமெல்லாம் போனிலேயே நேரலை. முகம் தெரிகிறது, வியர்வை தெரிகிறது. அன்று ஒரு எண் மாறியதற்குப் பத்து பேர் கத்தினோம். இன்று கோல் விழுவதையே கண்ணால் பார்க்கிறேன்... வீட்டில் நான் ஒருத்தி மட்டும் கத்துகிறேன்.

கத்தி முடித்த கையோடு செல்விக்கு போன் போடுவேன்.

"பாத்துட்டேன்டி," என்பாள். "கோலு கெடக்குது வுடு. அந்த டிஃபண்டர் பொண்ண பாத்தியா, இன்னா ஆட்டம்!"