நாலு பேருக்குத்தான் இடம்

போன புதன்கிழமை காலை, அயோத்தியாப்பட்டணத்திலிருந்து நாமக்கல் எக்ஸ்சேஞ்சுக்கு வந்த அழைப்பை நானே எடுத்தேன். "சின்னம்மா, அமல் பேசறேன். அம்மா போயிட்டாங்க" என்றான், ரோசலின் அக்காவின் மகன். எதிரே சுவிட்ச்போர்டுப் பலகையில், இணைப்புக்குக் காத்திருந்த மூன்று அழைப்புகளின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவற்றை என்ன செய்தேன் என்று நினைவில்லை.

அக்காவாக இருந்தால் மூன்றையும் முடித்துவிட்டுத்தான் அழுதிருப்பார். அவரோடு அந்தப் பலகையின் முன் உட்கார்ந்திருந்து, இன்று அவரை நினைக்கக் கூடியிருக்கும் உங்களுக்கு இது தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது அவர் என்னைவிட ஆறு வருடம் சீனியர். முட்டை வியாபாரிகளும் லாரி ஆபீஸ்காரர்களும் ஒரே நேரத்தில் சேலத்தையும் சென்னையையும் கேட்பார்கள். கேட்ட எண்களை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே அக்கா இணைப்பார். அப்போது யார் பேச வந்தாலும் பொறுங்கள் என்று அவருடைய இடது கை உயரும். சூப்பர்வைசருக்கும் அதே கைதான். ஒருநாள் சூப்பர்வைசர் கோபித்துக்கொண்டதற்கு, "மனசுல நாலு பேருக்குத்தாங்க எடம். அஞ்சாவதா நீங்க வந்தா ஒருத்தர் எந்திரிச்சுப் போயிருவாரு" என்றார். சூப்பர்வைசரே சிரித்துவிட்டார்.

பிறவி ஞாபகசக்தி என்று அதைச் சொல்ல முடியாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பவர். அவருடைய குடைகள் இரண்டு இன்னும் என் வீட்டில் இருக்கின்றன.

ஓர் ஐப்பசி மழையில் சேலத்துக்கு ஒரே ஒரு லைன்தான் உயிரோடு இருந்தது. பிற்பகலில் சேந்தமங்கலத்திலிருந்து ஒரு டாக்டர் கூப்பிட்டார். ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை, அந்தப் பெண்ணைக் காரில் சேலத்துக்கு அனுப்பிவிட்டேன் என்றார். சேலம் டாக்டரம்மாவின் வீட்டு எண்ணைச் சொன்னார். ஓ நெகட்டிவ் ரத்தம் இரண்டு பாட்டில் தயாராக இருக்க வேண்டும் என்றார். அத்தோடு சேந்தமங்கலம் லைன் செத்தது. அதன்பின் அந்தச் செய்தி அக்காவின் தலைக்குள் மட்டுமே இருந்தது.

சேலம் லைன் உடனே கிடைக்கவில்லை. ஒரு முட்டை வியாபாரி இன்னொரு பக்கம் கத்திக்கொண்டிருந்தார். நான் பேனாவை நீட்டினேன், எழுதத் திரும்பினால் ஏதாவது நழுவிவிடும் என்பதுபோல் அக்கா வாங்கவில்லை. எண், ரத்தம், கார் என்று உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அப்போது பியூன் ஓடிவந்து, அமல் பள்ளிக்கூடத்து மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான், பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள் என்றார். அக்காவின் இடது கை உயர்ந்தது.

லைன் கிடைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. டாக்டரம்மாவிடம் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டபிறகே ஹெட்செட்டைக் கழற்றினார். பிறகு பியூனைப் பார்த்து, "இப்பச் சொல்லுங்கண்ணா, என்ன சொன்னீங்க?" என்றார்.

உண்மையிலேயே அது அவர் காதில் விழவில்லை. கேட்டதும் செருப்பைக்கூடப் போடாமல் மழையில் ஓடினார்.

தாயும் பெண் குழந்தையும் பிழைத்ததாக மறுநாள் அந்த டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். அக்கா, "நல்லதுங்க" என்றதோடு சரி. அமலின் கை லேசாகக் கோணித்தான் கூடியது. வெகுநாள் கழித்து ஒருமுறை என்னிடம் கேட்டார்: "பெத்த புள்ளை பேரு கூடவா சாமி ஒருத்தி காதுல ஏறாது?" அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. அதன் பிறகு எதுவும் அவர் மனதில் ஒரு நிமிடம்கூடத் தங்கவில்லை. சென்ற மாதம் அவரைப் பார்க்க அயோத்தியாப்பட்டணத்துக்கு, அமல் வீட்டுக்குப் போயிருந்தேன். என் பெயர் வரவில்லை. ஆனால், "சாப்பிட்டியா சாமி?" என்றார். சாப்பிட்டேங்க்கா என்றேன். சற்று நேரத்தில் மறுபடி கேட்டார், அதன் பிறகும் கேட்டார். தன் கோணல் கையால் தாய்க்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அமல், "வந்தவங்க எல்லார்கிட்டயும் இதான் சின்னம்மா, வேற எதுவும் ஞாபகம் இல்லை" என்றான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். அத்தனை எண்களும் போய்விட்ட மனதில், வந்தவருக்குப் பசிக்குமே என்பது மட்டும் போகாமல் இருந்தது.