பொட்டலப் பேப்பரில் எங்கள் பெயர்

என் பெயரை இங்கே எழுத எனக்குக் கூச்சம். எழுதாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. அந்தக் காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீட்டு வரிசைக்கு ஒருத்திக்காவது அந்தப் பெயர்தான். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கும்போது கங்காணி ஒரு தடவை கூப்பிட்டால் பல பக்கத்திலிருந்து "வந்துட்டேங்க" என்று குரல் வரும்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வாசிக்கக் கிடைத்ததெல்லாம் லுணுகலைக் கடையில் சீனியும் கருவாடும் சுற்றித் தந்த பழைய பேப்பர்தான். பெரிய எழுத்துச் செய்தி எனக்கு விளங்காது. என் பெயர் இருக்கிறதா என்று மட்டும் தேடுவேன். அடிக்கடி இருக்கும். ஒரு பொட்டலத்தில் பதுளைத் தையல் போட்டியில் முதற்பரிசு வாங்கியிருப்பேன். இன்னொன்றில் யாழ்ப்பாணத்து டாக்டரைக் கட்டிக்கொண்டு மாலையோடு நிற்பேன். அடுத்ததில் கசிப்புச் சாராயம் காய்ச்சிப் பிடிபட்டு கோர்ட்டில் நிற்பேன். எல்லாவற்றையும் கிழித்துத் தகரப் பெட்டியில் பாவாடைக்கு அடியில் வைத்தேன். பாவாடையெல்லாம் கருவாட்டு வாடை.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாப்பிள்ளை பார்த்தார்கள். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. தட்டு மாற்ற வந்த அன்று அவருடைய அம்மா, "பொண்ணு பேரும் என் பேரும் ஒண்ணா இருக்கே" என்றார். "நாளைக்கு என் மகன் பொண்டாட்டிய அதட்டினா, பெத்தவளப் பேர் சொல்லி அதட்டின மாதிரி ஆயிடும். வேற பேரு வச்சிருவோம். எங்க வழக்கம் அதுதான்."

அப்பா தலையைச் சொறிந்தார். "பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருக்கு தங்கச்சி. இந்தப் பேருலதான்..."

"காயிதத்துல அது இருந்துட்டுப் போகட்டும் அண்ணே. வீட்டுல கூப்பிடத்தான் வேற."

அடுப்படிக்குள் நின்ற எனக்கு அழுகை முட்டியது. வேறு பெயர் வைத்துவிட்டால் அந்தப் பரிசும் போச்சு, டாக்டரும் போச்சு. வாய் திறந்து சொல்லத் துணிவில்லை. என் முகத்தைப் பார்த்த அம்மாதான் வெளியே போய், "இவளுக்கு அந்தப் பேரு மேல உசுரு, சம்மந்தியம்மா. பேப்பர்ல வர்றதையெல்லாம் கிழிச்சுக் கிழிச்சு வச்சிருக்கா" என்றாள்.

"பேப்பர்லயா? என் பேரா?" அவர் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டார். "நான் யாரு வீட்டுக் கோழியத் திருடினேன்?"

சிரிப்பு அடங்கியதும் பெட்டி வந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு வாசித்தேன். தையல் பரிசுக்கு, "அப்படிப் போடு!" என்றார். டாக்டர் கல்யாணத்துக்கு, "பொடவை என்ன நெறம்?" என்று படத்தைத் தடவிப் பார்த்தார். கசிப்பை விட்டுவிடப் பார்த்தேன். "எதையோ முழுங்குறியே, வாசி புள்ள" என்றார். வாசித்ததும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"காய்ச்சத் தெரிஞ்சவளுக்கு ஒளிக்கத் தெரியலையே! சரிங்க அண்ணே, பேரு இருக்கட்டும். ஆனா என் மகன் மட்டும் இவளப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது."

என் வீட்டுக்காரர் கடைசிவரை கூப்பிடவில்லை. "இந்தா புள்ள"தான்.

கல்யாணத்துக்குப் பிறகு, கடைச்சாமான் வந்ததும் சீனியைக் கொட்டுவதற்கு முன்பே அத்தை பக்கத்தில் வந்து குந்திவிடுவார். "இன்னைக்கு நாம என்ன பண்ணியிருக்கோம்?"

அப்படி ஒரு நாள் பருப்புப் பொட்டலத்தைப் பிரித்தேன். அப்புத்தளை ரோட்டில் லொறி மோதி நாங்கள் செத்துப்போயிருந்தோம். வயதும் அத்தையின் வயதுதான் இருக்கும். பேப்பரைக் கசக்கி அடுப்பில் வைத்தேன்.

"இன்னைக்கு ஒண்ணும் பண்ணலைங்க அத்தை."

அத்தைக்கு மனசே ஆறவில்லை. "ஒண்ணுமேயா?" என்றார். "இப்படிச் சும்மா படுத்துக் கெடந்தா பேப்பர்ல எப்படிப் போடுவான்?"