திங்கி என்ற ஒரு சொல்

ஐந்தடியைக் கொஞ்சமே தாண்டிய ஒரு பெண் துப்பாக்கியால் சுட்டால், குண்டு பாதி வழியில் களைத்துக் கீழே விழுந்துவிடுமா? ராணுவத்தில் சேர உயர வரம்பு எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். முதுகில் சுமக்கும் மூட்டை, தாண்ட வேண்டிய சுவர், ஒரே எட்டு வைத்து நடக்கும் அணிவகுப்பு என்று பதில் தயாராக இருக்கும். சுவரை ஓர் உயரத்துக்குக் கட்டிவிட்டு, பிறகு அந்தச் சுவருக்கு ஏற்ற ஆளைத் தேடுகிற வழக்கம் உலகமெங்கும் உண்டு. பெக்கோக் என்ற சிற்றூரில் வாழும் ரூபினிக்கு இந்த வாதமெல்லாம் தேவைப்படவில்லை. வரம்பைத் தொட்டுவிட்டோமா இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

அவளுக்குப் பக்கத்து ஊரான லாபிஸில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் கிடங்கில் வேலை. அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்காமல் கதை பேசியபடி நடப்பாள். மேல் தட்டில் இருக்கும் பெட்டியை எடுக்க மட்டும் அவளுக்கு முக்காலி வேண்டும். அந்த முக்காலிக்கு 'ரூபினி கால்' என்று கடையில் பெயரே வைத்துவிட்டார்கள். "அந்த ரூபினி காலக் கொஞ்சம் இங்க தள்ளு" என்பார்கள். சிரிப்பாள். உள்ளே எரியும்.

வெள்ளம் வந்த வருஷம் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். படகில் வந்த ராணுவத்தினரில் ஒரு பெண், ரூபினியின் அம்மா செல்வராணியை அலாக்காகத் தூக்கிப் படகில் உட்கார வைத்தாள். எல்லோரும் அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது ரூபினி அவளுடைய உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைவிட இரண்டு விரல்தான் அதிகம். அன்றைக்குப் பிடித்ததுதான் இந்த ராணுவப் பைத்தியம்.

வீட்டின் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தினமும் தொங்க ஆரம்பித்தாள். "கதவுதாண்டி கழண்டு வரும், நீ நீள மாட்டே" என்றாள் செல்வராணி. லாரி ஓட்டும் தாய்மாமன் சபாபதி வந்தால் இன்னும் மோசம். "முருங்கைக்காய் மாதிரி தொங்குது பாரு. யாராச்சும் சாம்பாருக்குப் பறிச்சிடப் போறாங்க, உள்ள இழுத்துப் போடு."

வயது வரம்புக்கு அது அவளுக்குக் கடைசி ஆண்டு. ஸ்கூடாய்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவளும் ஷப்னமும் சேர்ந்தே பதிவு செய்தார்கள். லாபிஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அய்யூபின் மகள் ஷப்னம், பள்ளியிலிருந்தே தோழி. ரூபினியைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு உயரம். முந்தின இரவு ரூபினிக்குத் தூக்கமே இல்லை. விடியலில் அய்யூபின் வேனில் போகும்போது கண்ணைத் திறந்து வைக்க வழியில் பால் சேர்க்காத கோப்பி ஓ இரண்டு குவளை குடித்தாள்.

மண்டபத்தில் வரிசையாக மேசைகள். உயரம் அளக்கும் இடத்தில் கொண்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்தாள். அளப்பவர் அவ்வளவு அழுத்தி ஏன் இறக்குகிறார் என்று அவள் யோசிக்குமளவுக்கு அளவுகோலின் சட்டம் தலையில் வந்து இறங்கியது. அளந்தவர் எண்ணைச் சொல்லவில்லை. எழுதினார். தாளை அவள் பக்கம் காட்டவில்லை. கையை மட்டும் ஆட்டினார். அவர் ஏன் தன் முகத்தைப் பார்க்கவில்லை? பின்னால் நின்ற ஷப்னத்தை ஏன் பார்த்துச் சிரித்தார்? வரிசையோடு நகர்ந்து அடுத்த மேசையில் உட்கார்ந்து கையை நீட்டியபோதும் அவள் மனம் அந்தத் தாளையேதான் துருவிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் முகக்கவசம் போட்ட ஒரு பணியாளர் நிமிராமலே மலாயில் சொன்னார்: "திங்கி. தெப்பி டுலு."

உயரம். ஓரமாகப் போ.

அவளுக்கு அப்படித்தான் கேட்டது. மண்டபம் முழுக்கத் தன்னையே பார்ப்பதாகத் தோன்றியது. ஓரமாகப் போனாள், போனவள் நிற்கவில்லை. வாசலைத் தாண்டி, பேருந்து பிடித்து, வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்று மாலையே சபாபதி அவளைத் தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். தாதி அளந்தாள். வரம்புக்கு அரை சென்டிமீட்டர் மேலே.

"பாத்தியா!" சபாபதி அங்கேயே கையைத் தட்டினார். "நம்ம புள்ள உயரம் கிளினிக்ல ஒண்ணு, அங்க ஒண்ணு! இது என்ன ரப்பரா லா, இழுத்தா நீள்றதுக்கு?"

"ஷப்னத்துக்கு என்ன ஆச்சுன்னு தெரியலையே மாமா."

"அவளுக்கு என்ன ஆகும்? அவ பேரு ஷப்னம். உன் பேரு ரூபினி. இதுக்கு மேல விளக்கம் வேற வேணுமா உனக்கு?"

சபாபதியை வெறும் வாய்ச்சவடால்காரர் என்று தள்ளிவிட முடியாது. ஸ்கூடாயில் வாடகைக்கு வீடு கேட்டு அவர் பேசிய இடங்களில் முதல் கேள்வி 'நீங்க என்ன இனம்?' என்பதுதான். பதில் சொன்னதும் வீடு எப்படியோ காலியில்லாமல் போய்விடும். இதை ஒருமுறையல்ல, பலமுறை அனுபவித்த மனிதர். சந்தேகம் அவருக்குப் பொழுதுபோக்கல்ல. பட்டுப் பட்டுத் தேறிய பாடம். ரூபினிக்கு அந்தச் சந்தேகம் நன்றாகவே பொருந்தியது. ஷப்னம் தேர்வாகிவிட்டாள் என்று கடையில் யாரோ சொன்னதும், பேசாமல் அவளுடைய எண்ணைத் தடை செய்தாள்.

பிறகு காணொளி. கையில் கிளினிக் தந்த அளவுச் சீட்டைப் பிடித்துக்கொண்டு, முகக்கவசம் போட்ட ஒருவர் தன் உயரத்தைக் குறைத்து மோசடி செய்துவிட்டார், கூடவே வந்த ஷப்னம் பேசாமல் உள்ளே போய்விட்டாள் என்று கண் கலங்க ரூபினி பேசினாள். சபாபதி அதைத் தன் முகநூல் பக்கத்தில் போட்டார். ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் "தங்கச்சி, விடாதே" என்று எழுதினார்கள். அழவேண்டியவர்கள் அழுதார்கள், திட்டவேண்டியவர்கள் திட்டினார்கள். அத்தனை பேரில் ஒருவர்கூட 'அங்கே உன் உயரம் எவ்வளவு என்று சொன்னார்கள்?' என்று கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, பயிற்சியிலிருந்து விடுப்பில் வந்த ஷப்னம் நேராகக் கிடங்குக்கே வந்து நின்றாள். முடி குட்டையாகியிருந்தது. வெயிலில் கறுத்திருந்தாள்.

"ஏன்டி என்னை பிளாக் பண்ண?"

"உனக்கென்ன, நீதான் உள்ள போயிட்டியே."

"அலமாக்! நான் உள்ள போனா நீ ஏன்டி வெளிய ஓடுன? உன் பேரை ரெண்டு தடவ கூப்பிட்டாங்க. நான் வாசல் வரைக்கும் வந்து பாத்தேன். அப்புறம் எத்தனையோ மெசேஜ் அனுப்பினேன். போகவே இல்ல."

"எதுக்குக் கூப்பிடணும்? உயரம் பத்தலன்னுதானே அந்த ஆளு சொன்னாரு? திங்கின்னு என் காதாலயே கேட்டேன்."

ஷப்னம் பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"அவரு சொல்லும்போது உன் கையில என்ன கட்டியிருந்துச்சு?"

"பட்டை."

"என்ன பட்டை?"

மேல்கையை ஒரு பட்டை இறுக்கி, புஸ்ஸென்று தளர்ந்தது ரூபினிக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை. மலாயில் உயரத்துக்கும் திங்கி, அளவு மீறி அதிகமாக இருப்பதற்கும் திங்கி. ராத்திரி முழுக்கத் தூங்காமல், வெறும் வயிற்றில் இரண்டு கோப்பி குடித்து, பயந்து போய் உட்கார்ந்திருந்தவளுக்கு அழுத்தம் திங்கியாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

ஆனாலும் அவள் உடனே விட்டுக்கொடுக்கவில்லை. "உனக்கு இப்படிச் சொல்லச் சொல்லிக் குடுத்து அனுப்புனாங்களா?"

"ஆமாடி, உன்னை ஏமாத்தத்தான் எனக்கு மூணு மாசம் சேத்துல உருள விட்டு டிரெய்னிங் குடுத்தாங்க. மூளையக் கொஞ்சம் யூஸ் பண்ணு லா. உயரம் பத்தாதவங்கள அந்த மேசையிலயே திருப்பி அனுப்பினாங்க. நமக்கு முன்னாடி நின்ன புள்ள அழுதுட்டுப் போனாளே, பாக்கல? உன்னை ஏன் அடுத்த மேசைக்கு விட்டாங்க? ஓரமா உக்காரு, அப்புறமா மறுபடியும் பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. என்னையும் அதே மாதிரி உக்கார வச்சாங்க."

அழுதுகொண்டே போன அந்தப் பெண்ணை ரூபினியும் பார்த்திருந்தாள். தடயமெல்லாம் கண்ணெதிரே இருந்தும், எதை நம்ப வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு உள்ளே போயிருந்தாள்.

அந்தப் பணியாளருக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது. ஒரு பெண்ணின் வருங்காலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு சொல் கூடுதலாகப் பேச அவருக்குச் சோம்பல். 'ரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகம், ஓய்வெடுத்துவிட்டு வா' என்று முழுசாகச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. இத்தனை காலம் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு கூட்டம், அரைகுறைச் சொல்லை அரவணைப்பாகவா எடுத்துக்கொள்ளும்? ஆனால் அவர் செய்யாத ஒரு மோசடியை அவர் தலையில் கட்ட யாருக்கும் உரிமை இல்லை.

அன்று மாலை ரூபினி சபாபதியிடம் போனாள். "மாமா, அந்த வீடியோவை எடுத்துடுங்க."

"பைத்தியமா உனக்கு? நாலு ஊருக்குப் போயிருச்சு. இப்ப எடுத்தா நம்மள பொய்யனுங்கம்பான்."

"நான் சொன்னது தப்புதானே மாமா."

"உன்னது தப்பா இருக்கட்டும். மத்தவங்களுக்கு நடக்கறது உண்மைதானே? எனக்கு வீடு குடுக்காதது பொய்யா?"

"அது உண்மை. அதனாலதான் சொல்றேன். என்னோடது பொய்னு நாளைக்கு வேற எவனாவது கண்டுபிடிச்சா, உங்களோடதையும் சேத்துப் பொய்யும்பான்."

சபாபதி லாரிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "சரி, அப்படியே வச்சுக்க. இன்னொரு ஆளெடுப்பு வருதுன்னு சொன்னே. இப்படித் திட்டினவள அங்க சும்மா விடுவானுங்களா? மூஞ்சியப் பாத்ததும் அனுப்பிருவானுங்க."

"அனுப்பினா, ஏன்னு கேப்பேன். பதில் வர்ற வரைக்கும் நகர மாட்டேன்."

அவர் எடுக்கவில்லை. ரூபினி தன் பக்கத்தில் இரண்டாவது காணொளியைப் போட்டாள். அழவில்லை. 'நான் கேட்டது தவறு. என்னை உயரத்துக்காகத் திருப்பி அனுப்பவில்லை. ஷப்னத்தைத் தப்பாக நினைத்தேன்' என்று நேராகப் பார்த்துச் சொன்னாள். முதல் காணொளிக்குக் கண்ணீர் விட்டவர்களில் சிலர் 'எவ்வளவு வாங்கினாய்?' என்று கேட்டார்கள். சிலர் 'மிரட்டிவிட்டார்கள் பாவம்' என்றார்கள். பெரும்பாலோர் பார்க்கவே இல்லை. பார்த்த எண்ணிக்கை ஒரு கல்யாண வீட்டுப் பந்திக்குக்கூடத் தேறாது.

வயது வரம்பு முடியும் முன்பு வந்த அடுத்த ஆளெடுப்புக்குப் போனாள். கோப்பி குடிக்கவில்லை. சட்டம் தலையில் இறங்கியதும், எழுதப்போனவரிடம் மலாயில் கேட்டாள்: "எவ்வளவுங்க, ஐயா?" அவர் நிமிர்ந்தார். முறைக்கிறாரா, இவள் யார் என்று அடையாளம் தெரிந்துவிட்டதா? அவர் எண்ணைச் சொன்னார். கிளினிக் சொன்ன அதே அளவு. அழுத்த மேசையிலும் கேட்டாள், அங்கேயும் சொன்னார்கள். ஓடினாள், சுவரைத் தாண்டினாள். அந்தச் சுவர் தன் உயரத்தைக் கேலி செய்வதுபோல அவளுக்குப் பட்டது, இருந்தாலும் தாண்டினாள்.

முடிவு இன்னும் வரவில்லை. வராத ஒவ்வொரு நாளும் செல்வராணி "பழைய வீடியோதான்டி காரணமா இருக்கும்" என்கிறாள். ரூபினிக்கும் அந்த நினைப்பு வருகிறது. வரத்தான் செய்யும். அந்த முதல் காணொளி இன்றைக்கும் கைபேசிக்குக் கைபேசி போய்க்கொண்டிருக்கிறது, முகக்கவசம் போட்ட ஒரு மனிதரை மோசடிக்காரராகவும் ஷப்னத்தைத் துரோகியாகவும் காட்டிக்கொண்டு.

இப்படி ஒரு கண்ணீர்க் காணொளி உங்கள் கைக்கும் வந்திருக்கும். கோபத்தில் நாலு பேருக்கு அனுப்பியும் இருப்பீர்கள். பின்னாலேயே அதே ஆள் வந்து, தான் சொன்னது தப்பு என்று சொன்னால், சங்கடப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். முதலாவதை யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, அவர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டாவதையும் அனுப்புங்கள். இன்றைக்கே அனுப்புங்கள்.