ஓட்டுக்கு மறுநாள், கம்பெனி கேட்டில்

அந்தச் சனிக்கிழமை காலை பனியன் கம்பெனி கேட்டில் நின்றவர்கள்: சூப்பர்வைசர், பவர் டேபிளில் தைக்கிற அக்காமார் ஏழெட்டுப் பேர், ராத்திரி பஸ்ஸில் ஊரிலிருந்து வந்திறங்கிய என் அம்மா, தைத்த பீஸைச் சரிபார்க்கும் செக்கிங்கில் கம்பெனியின் நேரடி ஆளாக இருக்கும் நான். வராதவர் ஒருவர்தான். அம்மாவைத் தையலுக்குச் சேர்த்துவிட்ட காண்ட்ராக்டர்.

முந்தின வாரம் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஓட்டுப் போடச் சம்பளத்தோடு லீவு. மறுநாள் விரல் மையைக் காட்ட வேண்டும். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். அம்மாவுக்குச் சொன்னேன்.

“தைக்காத நாளுக்கு எவம்ல துட்டு கொடுப்பான்? நல்லா வாசிச்சியா?”

“சட்டம்மா. கொடுத்துத்தான் ஆகணும்.”

சொல்லிவிட்டுத் திரும்பப் போய் வாசித்தேன். ‘தொழிலாளர்கள்’ என்றிருந்தது. காண்ட்ராக்ட் ஆட்களும் அதில் சேர்த்தியா என்று இல்லை. காண்ட்ராக்டரிடம் கேட்டேன். “அதெல்லாம் வாங்கிக் குடுத்தறலாங் கண்ணு” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு ஓட்டு இங்கேயே; அம்மாவுக்கு இன்னும் சங்கரன்கோவில் பக்கம்தான். சம்பளம் போகாது என்ற தைரியத்தில் பஸ் ஏறினாள்.

கேட்டில் என் விரலைப் பார்த்து சூப்பர்வைசர் தலையாட்டினார். அம்மா விரலை மட்டும் பிடித்துத் திருப்பினார்.

“ஏனுங்க்கா, இது மார்க்கர் மை இல்லீங்களே?”

பனியனில் எண்ணெய்க் கறை எடுக்க மருந்து அடிக்கிற ஸ்பிரே கன்னைக் கொண்டுவரச் சொல்லி விரலில் அடித்தார். மை அசையவில்லை. அம்மா கையை உதறினாள்.

“எரியுதுய்யா! என் விரல் என்ன ரிஜெக்ட் பீஸா?”

அக்காமார் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

“ஓட்டு நெசந்தானுங்க. ஆனா நீங்க காண்ட்ராக்ட் ஆளு. சம்பளத்த அவருகிட்டக் கேட்டுக்கோங்க.”

“அப்ப எதுக்குங்க கன் அடிச்சீங்க?” என்றேன்.

“செக் பண்ணோணுமில்லீங் தம்பி. செக்கிங்ல இருக்கறீங்க, உங்களுக்குத் தெரியாததா?”

காண்ட்ராக்டரின் போன் பகல் முழுக்க அணைந்தே கிடந்தது. சாயங்காலம் வாரச் சம்பளத்தோடு வந்தார். வெள்ளிக்கிழமைக்கு ஒன்றுமில்லை.

“கம்பெனி குடுத்தா நான் வெச்சுக்குவனாங்க்கா?”

கம்பெனி கொடுத்ததா, இவர் வைத்துக்கொண்டாரா, இன்றுவரை தெரியாது. அம்மா விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நீ நல்லாத்தாம்ல வாசிச்ச.”

ஒரு நாள் சம்பளம் அறுநூற்றைம்பது. பஸ்ஸுக்குப் போக வரத் தொள்ளாயிரம். அந்த ஓட்டுக்கு எங்களுக்கு ஆயிரத்து ஐந்நூற்றைம்பது ரூபாய் ஆனது.